நுரை எப்போது நிற்கும்? பிள்ளைகளுக்கு முறையான சோதனை செய்யக் கற்றுத்தரும் முழு வழிகாட்டி

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு சோதனையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை செய்ய நினைக்கும் ஆசிரியருக்கும், பெற்றோருக்கும், அக்கா அண்ணன்களுக்கும் இது. கண்காட்சிக்குத் தெர்மாகோலில் எரிமலை செய்வது எப்படி என்று இதில் இருக்காது. எரிமலை பொங்கும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். விடை தெரிந்த ஒன்றைச் செய்து காட்டுவது வேறு, விடை தெரியாத ஒன்றை அளந்து பார்ப்பது வேறு. பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் பழக்கமில்லை.

எடுத்துக்கொள்ளும் சோதனை எளியது. வேலூரில் ஒரே தெருவில் மூன்று வகைத் தண்ணீர் கிடைக்கும்: கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீர், வீட்டு போர் தண்ணீர், கடையில் வாங்கும் கேன் தண்ணீர். இவற்றில் எது எவ்வளவு கடினம், அதாவது சோப்பை நுரைக்கவிடாத கால்சியமும் மெக்னீசியமும் எதில் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்று சோப்புக் கரைசலின் சொட்டுகளை எண்ணிக் கண்டுபிடிக்கப் போகிறோம். உங்களுக்கும் விடை தெரியாது, அதுதான் இதன் வசதி. பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்து விடையைப் படிக்க முடியாது.

இரண்டு மாலை நேரம் வேண்டும். முதல் மாலையில் யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது. எழுத்து வேலை மட்டும். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், விட்டுவிடுங்கள்.

1. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

இறுக்கமான மூடியுள்ள, ஒரே அளவிலான, நிறமில்லாத சின்ன பாட்டில்கள் நான்கு. 100 மி.லி. அளவு சரியாக இருக்கும். பாட்டில் பெரிதாக இருந்தால் குலுக்கும்போது உள்ளே காற்று அதிகம், நுரையும் வேறு மாதிரி வரும். அதனால்தான் நான்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

மருந்துக் கடையில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு ஒன்று. ஒரே ஒரு இங்க் ஃபில்லர். இரண்டு ஃபில்லர் வேண்டாம். இரண்டின் சொட்டும் ஒரே அளவில் விழாது.

குளியல் சோப்பு ஒன்று. இங்கே கவனம் வேண்டும். துணி துவைக்கும் டிடர்ஜென்ட், ஷாம்பூ, பாத்திரம் தேய்க்கும் திரவம் எதுவும் உதவாது. அவை கடின நீரிலும் நன்றாக நுரைப்பதற்காகவே செய்யப்பட்டவை. அவற்றை வைத்து அளந்தால் எல்லாத் தண்ணீரும் ஒன்றுபோலத் தெரியும், பிள்ளைகளும் அதையே முடிவாக எழுதிவிடுவார்கள். சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் போட்டிருக்கும், அதாவது மொத்தக் கொழுப்புப் பொருள். அது 70 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளை நிறமாக இருந்தால் நுரையைப் பார்ப்பது சுலபம்.

காய்ச்சி வடித்த நீர் ஒரு லிட்டர். வண்டி பேட்டரிக்கு ஊற்றுவதற்காக விற்பது. பெரியவர்கள்தான் போய் வாங்க வேண்டும், 'டிஸ்டில்டு வாட்டர்' என்று தெளிவாகக் கேட்டு வாங்க வேண்டும். பேட்டரி ஆசிட் என்பது கந்தக அமிலம். பெயர்க் குழப்பத்தில் அதை வாங்கி வந்துவிடக்கூடாது.

இவற்றோடு தண்ணீர் பிடித்து வைக்க மூடியுள்ள வேறு பாட்டில்கள், ஒரு நோட்டு, பேனா, நொடி காட்டும் கடிகாரம். பென்சிலும் அழிப்பானும் வேண்டாம். ஏன் என்று ஐந்தாம் படியில் வரும்.

2. கேள்வியை எண்ணில் விடை வரும்படி மாற்றுதல்

பிள்ளைகளிடம் கேள்வி கேட்கச் சொன்னால் முதலில் வருவது "ஏன்" கேள்விதான். "எங்க ஊட்டு போர் தண்ணியில சோப்பு ஏன் சார் நுரைக்கவே மாட்டேங்குது?" நல்ல கேள்வி. ஆனால் இதற்கு நேராக ஒரு சோதனை செய்ய முடியாது. "ஏன்" என்று தொடங்கினால் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து விடையைப் பார்த்து எழுதிவிடுவார்கள், கை வேலை செய்யாது.

அதனால் அந்தக் கேள்வியைக் கையிலெடுத்து மூன்று முறை திருத்தச் சொல்லுங்கள்.

முதலில்: போர் தண்ணீரில் ஏன் நுரைப்பதில்லை?

அப்புறம்: போர் தண்ணீர், காவிரித் தண்ணீர், கேன் தண்ணீர் மூன்றில் எதில் நுரை குறைவு?

கடைசியில்: 10 மி.லி. தண்ணீரில் நுரை 30 நொடி கலையாமல் நிற்க எத்தனை சொட்டு சோப்புக் கரைசல் வேண்டும்? இந்த எண் மூன்று தண்ணீருக்கும் எவ்வளவு வேறுபடுகிறது?

இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடும் பிள்ளைகள் அதிகம். "நுரை குறைவு" என்றால் உயரம் குறைவா, சீக்கிரம் கலைகிறதா, குமிழி சின்னதா? மூன்று பேர் மூன்று விதமாகப் பார்ப்பார்கள், பிறகு சண்டை வரும். மூன்றாவது கேள்வியில் எதை எண்ணுவது, எப்போது நிறுத்துவது என்ற இரண்டுமே அடங்கிவிட்டன. கேள்வியைப் படித்த வேறொருவர் உங்களிடம் எதுவும் கேட்காமல் சோதனையைச் செய்ய முடிந்தால், அது தேறிய கேள்வி.

3. ஊகத்தை எழுதி மடித்து வைத்தல்

பாடப்புத்தகம் இதைக் கருதுகோள் என்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல், இரண்டு வரி எழுத வேண்டும்: எதற்கு அதிகச் சொட்டு ஆகும், ஏன் அப்படி நினைக்கிறேன். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, தாளை மடித்து உங்களிடம் தந்துவிட வேண்டும்.

மடித்து வாங்குவதற்குக் காரணம் உண்டு. முடிவு தெரிந்த பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் "நான் அப்பவே நெனச்சேன்" என்றுதான் தோன்றும். பொய் சொல்கிறார்கள் என்று இல்லை, மனம் அப்படித்தான். எழுதி வைத்த தாள் ஒன்றுதான் அதைத் தடுக்கும்.

ஊகம் தவறினால் மதிப்பெண் குறையாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், பின்னால் சொட்டுகளை எண்ணும்போது ஊகத்துக்கு ஏற்றபடி எண்ணுவார்கள். காரணம் எழுதாத ஊகத்தை மட்டும் திருப்பிக் கொடுங்கள். "போர் தண்ணிதான்" என்பது ஊகமல்ல, குருட்டாம்போக்கு. "போர் தண்ணி பாறைக்கு இடையில் இருந்து வருகிறது, வழியில் ஏதாவது கரைந்திருக்கும்" என்று எழுதினால் அதில் யோசனை இருக்கிறது.

4. எது மாறும், எது மாறக்கூடாது

முழுச் சோதனையில் சிக்கலான இடம் இதுதான். நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகையில் மூன்று கட்டம் போடுங்கள். நாம் வேண்டுமென்றே மாற்றுவது: தண்ணீரின் வகை. நாம் எண்ணுவது: சொட்டுகள். மற்றவை எல்லாம் மூன்றாவது கட்டத்துக்குள்: அவை மாறவே கூடாது. முதல் இரண்டும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்றாவது கட்டத்தைப் பிள்ளைகளே நிரப்பட்டும். தண்ணீரின் அளவு, பாட்டிலின் அளவு, சோப்புக் கரைசல், ஃபில்லர், எத்தனை முறை குலுக்குவது, எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் காத்திருப்பது, தண்ணீரின் சூடு.

சூட்டை மறந்துவிடுவார்கள். மே மாதத்துக் கத்திரி வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாமல் சுடும், கேன் தண்ணீரோ வீட்டுக்குள் நிழலில் இருந்திருக்கும். சூடான நீரில் சோப்பு நன்றாகக் கரைந்து வேறு மாதிரி நுரைக்கும். அளப்பதற்குமுன் எல்லாத் தண்ணீரையும் ஒரே அறையில் இரண்டு மணி நேரம் வைத்தால் போதும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு, ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் விழும் ஓட்டை. வேலையைப் பிரிக்கச் சொன்னால் "ஆளுக்கொரு தண்ணி" என்று எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி போர், ஒருவன் காவிரி, இன்னொருத்தி கேன். பார்க்க நியாயமான பங்கீடு. ஆனால் இப்போது தண்ணீரோடு சேர்ந்து ஆளும் மாறிவிட்டார். பலமாகக் குலுக்கும் பையன் கையில் எந்தத் தண்ணீர் போனாலும் நுரை சீக்கிரம் வரும். வித்தியாசம் தண்ணீராலா, கையாலா என்று பிறகு பிரிக்கவே முடியாது. சரியான பங்கீடு: ஒவ்வொருவரும் எல்லாத் தண்ணீரையும் ஒருமுறை செய்ய வேண்டும். மூன்று பேர் என்றால் ஒவ்வொரு தண்ணீருக்கும் மூன்று அளவீடுகள் தானாகவே கிடைத்துவிடும்.

கூடவே ஒப்பீட்டுக்கு ஒரு பாட்டில். அதில் காய்ச்சி வடித்த நீர். கடினத்தன்மை ஏறக்குறைய இல்லாத இந்த நீருக்கே நுரை நிற்க ஒன்றிரண்டு சொட்டு தேவைப்படும். அந்த அளவு எல்லாவற்றிலும் அடங்கியிருக்கும், பின்னால் கழித்துக்கொள்ளலாம். மழை பெய்திருந்தால் திறந்த வெளியில் பாத்திரம் வைத்துப் பிடித்த மழைநீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடிக் குழாயில் இறங்கும் நீர் வேண்டாம், சிமெண்டைத் தொட்டு வரும்.

நியாயமில்லாத ஒப்பீடு எப்படி இருக்கும் என்று காட்ட நல்ல உதாரணம் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆர்.ஓ. மெஷின் விற்பவர் சிலர் இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்து, ஒரு கம்பிக் கருவியைச் செருகி, குழாய்த் தண்ணீர் பழுப்பாக மாறுவதைக் காட்டுவார்கள். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. மின்சாரம் பாய்ந்து கம்பியின் இரும்பு கரைந்து வருவது. ஆர்.ஓ. நீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் நிறம் மாறவில்லை. இங்கே என்ன ஒப்பீட்டு டம்ளர் விடுபட்டிருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ஆர்.ஓ. நீரிலேயே ஒரு சிட்டிகை உப்பு போட்ட மூன்றாவது டம்ளர் என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். (சொன்னால் போதும். கரண்டில் இயங்கும் கருவி, வீட்டில் செய்து பார்க்க விடாதீர்கள்.)

5. அளப்பதற்கு முன்பே அட்டவணை

காலி அட்டவணையை முதல் மாலையே வரைந்துவிட வேண்டும். இடப்பக்கம் தண்ணீரின் வகை. மேலே முதல் முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை, சராசரி. கடைசியில் அகலமாகக் "குறிப்பு" என்று ஒரு கட்டம். அலகு தலைப்பில் இருக்கட்டும்: "சொட்டுகள்". ஒவ்வொரு கட்டத்திலும் அலகை எழுதினால் எண் மறைந்துவிடும்.

அட்டவணை முன்பே இருந்தால் எந்தக் கட்டம் காலி என்று கண்ணுக்குத் தெரியும். இல்லாவிட்டால் கையில், தாள் ஓரத்தில், நாள்காட்டிக்குப் பின்னால் எல்லாம் எழுதிவிட்டு அப்புறம் எந்த எண் எந்தத் தண்ணீருடையது என்று தேடுவார்கள்.

பேனாவால் நேராக நோட்டில் எழுத வேண்டும். ரஃப் நோட்டில் எழுதி ஃபேர் நோட்டில் காப்பி செய்யும் பழக்கத்துக்கு இங்கே இடமில்லை, காப்பி செய்யும்போதுதான் எண்கள் "அழகாக" மாறுகின்றன. தவறாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுதலாம். அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். பள்ளி ரெக்கார்டு நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் திட்டு வாங்கிப் பழகிய பிள்ளைகள் இதற்குத் தயங்குவார்கள். அடித்தல் இருக்கும் நோட்டுதான் நம்பத்தக்க நோட்டு என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

6. தண்ணீர் பிடித்தல்

தண்ணீர் பிடித்து வைக்கும் பாட்டிலில் பெயர் எழுதிய பிறகே தண்ணீர் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு எழுதலாம் என்று விட்டால் எல்லாம் ஒரே மாதிரி நிற்கும்.

குழாயைத் திறந்து சிறிது நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசிக் கொட்டிவிட்டுப் பிடியுங்கள். எந்த வீடு, எந்தக் குழாய், நேராக மோட்டாரிலிருந்தா மாடித் தொட்டியிலிருந்தா, தேதி, நேரம். எல்லாம் குறிப்பில். பல வீடுகளில் காவிரித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கும். வீட்டில் அம்மாவிடம் கேட்காமல் "காவிரி" என்று எழுதிவிட வேண்டாம்.

பாலாற்றுப் பள்ளத்திலோ கழிவுநீர்க் கால்வாயிலோ பிள்ளைகள் இறங்கித் தண்ணீர் எடுக்கக்கூடாது. இந்தச் சோதனைக்கு அது தேவையும் இல்லை.

7. சோப்புக் கரைசல்

100 மி.லி. காய்ச்சி வடித்த நீரைச் சற்று வெதுவெதுப்பாக்கி, சீவிய சோப்பு சுமார் ஒரு கிராம் போட்டு மெதுவாகக் கலக்குங்கள். எடை போடும் கருவி இல்லையென்றால், 100 கிராம் சோப்பைப் பத்துத் துண்டாக்கி, அதில் ஒரு துண்டை மறுபடி பத்தாக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். வேகமாக அடித்துக் கலக்கினால் நுரைதான் வரும். கலங்கலாக இருந்தால் பரவாயில்லை. ஆறியதும் பயன்படுத்துங்கள், அன்றே பயன்படுத்துங்கள். மறுநாள் கெட்டியாகிக் கூழ்போல ஆகிவிடலாம்.

"சார், ஒரு கிராம் கரெக்டா இல்லைன்னா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், நல்ல கேள்வி. நாம் தண்ணீர்களை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறோம், அவ்வளவுதான். அதற்குக் கரைசல் சரியாக ஒரு சதவீதமாக இருக்க வேண்டியதில்லை. எல்லாத் தண்ணீருக்கும் அதே கரைசல் என்பதுதான் கட்டாயம். பாதியில் தீர்ந்து புதிதாகக் கரைத்தால் அதுவரை அளந்தது எல்லாம் வேறு கணக்கு. இந்த 100 மி.லி. தாராளமாகப் போதும்.

போர் தண்ணீரில் சோப்பைக் கரைப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. கையில் இருக்கும் தண்ணீர் அதுதானே. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகிவிடும். சோப்பின் ஒரு பகுதி கரைசலிலேயே செலவாகிப் போகும். இந்தச் சோதனையின் அடிப்படையே அதுதான்: கடினத்தன்மை தீரும்வரை சோப்பு படிவாக மாறிக்கொண்டே இருக்கும், தீர்ந்த பிறகுதான் நுரை நிற்கும். அதனால்தான் சொட்டு எண்ணிக்கை கடினத்தன்மையின் அளவாகிறது.

8. முன்னோட்டம்

உண்மையான அளவீட்டுக்கு முன் ஒரு தண்ணீரை வைத்து ஒருமுறை செய்து பாருங்கள். இந்த எண்ணைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, "முன்னோட்டம்" என்று நோட்டில் எழுதினால் போதும். போர் தண்ணீரை எடுத்துக்கொள்வது நல்லது. அதற்கு 60, 70 சொட்டு ஆனால் முழுச் சோதனையும் இரவுவரை இழுக்கும். அப்படியென்றால் எல்லாத் தண்ணீரையும் 5 மி.லி.யாகக் குறைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும், போர் தண்ணீரை மட்டுமல்ல.

நுரையையும் படிவையும் பிரித்துப் பார்க்கப் பிள்ளைகள் கற்பது முன்னோட்டத்தில்தான். படிவு மங்கிய வெள்ளையாக, திரிந்த பால்போல, துணுக்குத் துணுக்காக மிதக்கும். நுரையில் குமிழி தெரியும், பளபளப்பு இருக்கும். படிவை நுரை என்று எண்ணி நிறுத்திவிட்டால் கடினமான தண்ணீர்தான் மென்னீர் என்று தலைகீழாக வரும்.

"நின்றது" என்பதற்கும் இப்போதே வரையறை: தண்ணீரின் மேற்பரப்பு முழுவதையும் நுரை மூடியிருக்க வேண்டும், நடுவில் திட்டாகத் தண்ணீர் தெரியக்கூடாது, 30 நொடி அப்படியே இருக்க வேண்டும். இதைப் பெரிதாக எழுதி எதிரில் ஒட்டுங்கள்.

9. அளத்தல்

சிரிஞ்சில் 10 மி.லி. எடுங்கள். கண் அந்தக் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஒரு அளவு, கீழிருந்து பார்த்தால் ஒரு அளவு. இதுதான் இடமாறு தோற்றப் பிழை. உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றிவிட்டு மறுபடி பாருங்கள். பிறகு அதை 100 மி.லி. சோதனை பாட்டிலில் விடுங்கள்.

ஃபில்லரைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு சொட்டு விடுங்கள். சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும். மூடியை இறுக்கிப் பத்து முறை குலுக்குங்கள், கீழே வையுங்கள், பாருங்கள். நுரை நிற்கிற மாதிரி தெரிந்தால் மட்டும் 30 நொடி எண்ணுங்கள். கலைந்தால் இன்னும் இரண்டு சொட்டு. ஒருவர் சொட்டு விட, ஒருவர் சத்தமாக எண்ண, ஒருவர் எழுத வேண்டும். சொட்டு விடுபவரே எண்ணினால் இருபதுக்கு மேல் போனதும் குழம்பிவிடும்.

முடிந்தால் பாட்டிலில் அ, ஆ, இ, ஈ என்று மட்டும் ஒட்டி, எது எந்தத் தண்ணீர் என்ற பட்டியலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் என்று தெரிந்தால் இன்னும் இரண்டு சொட்டு விடத்தான் கை போகும். வரிசையையும் மாற்றுங்கள். ஒருவர் அ-விலிருந்து தொடங்கினால் அடுத்தவர் இ-யிலிருந்து. எப்போதும் ஒரே தண்ணீர் கடைசியில் வந்தால் களைத்துப்போன கையின் குலுக்கல் அதற்கு மட்டுமே கிடைக்கும்.

ஒவ்வொரு அளவீட்டுக்குப் பிறகும் பாட்டிலை நன்றாகக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலச வேண்டும். ஒட்டியிருக்கும் சோப்பு அடுத்த எண்ணைக் குறைத்துவிடும். அந்தக் கையால் கண்ணைத் தேய்க்க வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.

10. ஒட்டாத எண் வந்தால்

ஒரு பேச்சுக்கு, போர் தண்ணீருக்கு 34, 36, 20 என்று வருகிறது. பிள்ளைகளின் கை முதலில் அந்த 20-ஐ அழிக்கத்தான் போகும். அல்லது 35 என்று மாற்றி எழுதிவிட்டு உங்களைப் பார்ப்பார்கள்.

தடுங்கள். 20 அங்கேயே இருக்கட்டும். குறிப்புக் கட்டத்தைப் பாருங்கள்: பாட்டில் கழுவப்பட்டதா, ஃபில்லர் சாய்ந்ததா, படிவை நுரை என்று நினைத்தார்களா? காரணம் தெரிந்தால் அதை எழுதி, "சராசரியில் சேர்க்கவில்லை" என்று குறிப்பிட்டு, நான்காவது முறை செய்யுங்கள். காரணம் தெரியாவிட்டாலும் இன்னொரு முறை செய்யலாம், ஆனால் 20-ஐச் சேர்த்துத்தான் சராசரி போட வேண்டும். பிடிக்காத எண்ணை மட்டும் மறுபடி அளப்பதும் ஒரு வகை ஏமாற்றுதான். அதனால் ஒன்றுக்கு நான்காவது முறை செய்தால் நேரம் இருக்கும்வரை மற்றவற்றுக்கும் செய்துவிடுங்கள்.

மூன்றும் 35, 35, 35 என்று அச்சடித்த மாதிரி வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். இரண்டிரண்டு சொட்டாக விட்டால் ஒற்றைப்படை எண் எப்படி வரும் என்று கேளுங்கள்.

11. கணக்கும் வரைபடமும்

சராசரியிலிருந்து ஒப்பீட்டு நீரின் சராசரியைக் கழியுங்கள். 36 சொட்டில் ஒப்பீட்டு நீரின் 2 போனால் 34. கால்குலேட்டரில் 34.6666 என்று வந்தாலும் 35 என்று எழுதினால் போதும். இரண்டு சொட்டு இடைவெளியில் அளந்துவிட்டு நான்கு தசம இடம் எழுதுவதில் அர்த்தமில்லை.

பட்டை வரைபடம்தான் வரைய வேண்டும். புள்ளிகளைக் கோட்டால் இணைப்பது பிள்ளைகளுக்குப் பிடித்தமான வேலை, ஆனால் கேன் தண்ணீருக்கும் காவிரித் தண்ணீருக்கும் நடுவில் ஒரு தண்ணீர் கிடையாது, கோடு எதைக் காட்டும்? நிமிடம், சூடு போலத் தொடர்ந்து மாறும் அளவுக்குத்தான் கோடு. செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்கட்டும். ஒவ்வொரு பட்டைக்கும் மேல் தனித்தனி அளவீடுகளைப் புள்ளிகளாக வையுங்கள். இரண்டு தண்ணீரின் புள்ளிகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தால், அவற்றின் சராசரி வேறுபட்டாலும் "வித்தியாசம் உண்டு" என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு இதைப் புள்ளிகளே சொல்லிக்கொடுத்துவிடும்.

12. முடிவை எழுதுதல்

இப்போது மடித்து வைத்த தாள்களைத் திறங்கள். ஊகம் பலித்ததா என்று ஒவ்வொருவரும் தங்கள் நோட்டில் எழுதட்டும்.

முடிவு மூன்று வரி போதும்: என்ன கண்டோம் (எண்ணோடு), எவ்வளவு நம்பலாம், எது இன்னும் தெரியவில்லை. "நிரூபிக்கப்பட்டது" என்ற சொல்லை அடித்துவிடுங்கள். ஒரு வீட்டு போரில் ஒருநாள் எடுத்த தண்ணீரை வைத்து "காட்பாடித் தண்ணீர் கடினமானது" என்று எழுதக்கூடாது. "இந்த வீட்டு போர் தண்ணீருக்கு, இந்தத் தேதியில்" என்று எழுத வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தாவலும் நடக்கும். எண் அதிகமாக வந்ததும் "தோல் தொழிற்சாலைதான் காரணம்" என்று எழுதிவிடுவார்கள். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது உண்மை. 1996-ல் உச்ச நீதிமன்றமே வேலூர் வழக்கில் அது குறித்துத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆனால் நம் சோதனை எண்ணியது சொட்டுகளை. பாறைக்கு நடுவே நிற்கும் நீரில் கால்சியம் இயற்கையாகவும் கரையும். காரணம் எது என்று பிரித்துக் காட்ட இந்த எண்ணால் முடியாது. அதை எழுதினால் நோட்டில் இல்லாததை எழுதியதாகிவிடும்.

குடிக்கலாமா என்பதற்கும் இது விடை சொல்லாது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாதபோது 600 வரை அனுமதி. நம் சொட்டுகளை மில்லிகிராமாக மாற்ற, கடினத்தன்மை தெரிந்த நீரை வைத்து முதலில் அளந்திருக்க வேண்டும். கிருமி இருக்கிறதா என்பது முற்றிலும் வேறு சோதனை.

வீட்டில் டி.டி.எஸ். மீட்டர் (நீரில் கரைந்த மொத்தப் பொருளின் அளவைக் காட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் "அதுல பாத்தா போதுமே" என்பார்கள். அந்த மீட்டர் பார்ப்பது மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டால் மீட்டர் எகிறும், சோப்புச் சொட்டோ பெரிதாக ஏறாது. நம்மூரில் எல்லாவற்றையும் "உப்புத் தண்ணி" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். நாக்குக்குத் தெரியும் உப்பும் சோப்பைத் தின்னும் கடினத்தன்மையும் ஒன்றல்ல. ஆர்வமுள்ள பிள்ளைக்கு இதையே தனிச் சோதனையாகக் கொடுக்கலாம்.

13. அடுத்த சோதனை: கொதிக்க வைத்தால் குறையுமா?

அதே கரைசல் மிச்சமிருந்தால் அன்றே செய்யலாம். அடுப்பு வேலை பெரியவர்களுடையது.

பாத்திரத்தில் போர் தண்ணீரின் மட்டத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, முழுவதும் ஆறவிட்டு, ஆவியாகிக் குறைந்த அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்தப் படியைப் பெரும்பாலும் எல்லோரும் விட்டுவிடுவார்கள். நீர் குறைந்தால் மிச்சமுள்ள உப்பு செறிந்துபோகும், கொதிக்கவைத்ததன் பலன் எண்ணில் மறைந்துவிடும். தெளியவிட்டு மேலாக 10 மி.லி. எடுத்து முன்போலவே மூன்று முறை அளக்கவும்.

சொட்டு குறைந்தால், குறைந்த அளவு தற்காலிகக் கடினத்தன்மை: கால்சியம் பைகார்பனேட் கொதியில் கார்பனேட்டாக மாறிப் படிந்துவிட்டது. பாத்திரத்தின் அடியில் விரலால் தேய்த்துப் பார்த்தால் அந்த வெள்ளைப் பொடி கிடைக்கும். மிஞ்சியது நிரந்தரக் கடினத்தன்மை, அது கொதித்தாலும் போகாது. குறையவே இல்லை என்றாலும் அது ஒரு விடைதான். இதற்கும் ஊகத்தாள் முதலில், அட்டவணை அடுத்து, தண்ணீர் கடைசியில்.

10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கான தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு இதை விரித்துக் கொண்டுபோக நினைத்தால் ஒரே தெருவில் இருபது வீட்டுத் தண்ணீரை அளப்பது நல்ல வழி. போரின் ஆழத்தை வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்டால், ஆழத்துக்கும் சொட்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று புள்ளி வைத்துப் பார்க்கலாம். நடுவர்கள் சார்ட்டைவிட நோட்டைத்தான் கேட்பார்கள், அடித்தல் திருத்தலோடு அதையே எடுத்துப் போகட்டும்.